பவரா, நார்மலா? லிட்டருக்கு 8 ரூபாய் எங்கே போகிறது

"சார், பவரா நார்மலா?"

பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. சாலையில் எந்த பங்கில் வண்டியை நிறுத்தினாலும் இந்தக் கேள்வி வரும். சில நேரம் கேள்விகூட வராது. "பவர்தான் சார் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பைப்பைச் செருகிவிடுவார்கள். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும். இரும்புலியூர் சந்திப்பில் அரை மணி நேரம் ஊர்ந்து வந்த ஆளுக்கு அந்த இடத்தில் வாதாடத் தெம்பு இருக்காது. தலையாட்டிவிட்டு வருவோம். லிட்டருக்கு ஏறத்தாழ 8 ரூபாய் கூடுதல்.

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இது பற்றி மூன்று கட்சிகள் உண்டு. பவர் போட்டால் இழுவையும் மைலேஜும் கூடும் என்பது முதல் கட்சி. தினமும் வேண்டாம், அஞ்சு தடவைக்கு ஒரு தடவை போட்டால் இன்ஜின் சுத்தமாகும் என்பது இரண்டாவது. கிட்டத்தட்ட விளக்கெண்ணெய் வைத்தியம். மூன்றாவது கட்சி 2025-இல் முளைத்தது. பவரில் எத்தனால் இல்லை, அதனால் பழைய காருக்கு அதுதான் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். முதல் இரண்டு கட்சிகளும் ஆசையில் காசு செலவழிக்கிறார்கள், மூன்றாவது கட்சி பயத்தில். பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் தன் பத்து வருஷ காருக்கு மாதாமாதம் பவர் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஆக்டேன். பங்கில் எழுதியிருக்கும் 91, 95, 100 எல்லாம் ஆக்டேன் எண்கள். 95-இல் 91-ஐ விட சக்தி அதிகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எண் பெரிதானால் சரக்கு நல்லது என்பது கடைத்தெருப் பழக்கம். ஆனால் ஆக்டேன் அளப்பது பெட்ரோலின் சக்தியை இல்லை. தானாகப் பற்றிக்கொள்ளாமல் அது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதைத்தான்.

தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். திரியில் பற்ற வைத்தால் வெடி ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். ஒழுங்கான இன்ஜினில் நடப்பதும் இதுதான். ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது, தீ அந்த முனையிலிருந்து மறுமுனை வரை பரவுகிறது, அந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இதெல்லாம் சில மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். பிரச்சினை அந்த மறுமுனையில் காத்திருக்கும் கலவைக்குத்தான். தீ பரவப் பரவ அது மேலும் அழுத்தப்படுகிறது, மேலும் சூடாகிறது. தீ வந்து சேரும் முன்பே பொறுமை இழந்து மொத்தமாகத் தானே வெடித்தால், சரவெடியின் கடைசி ஐம்பது வெடியும் ஒரே நேரத்தில் வெடித்த மாதிரி. அதுதான் நாக்கிங். மேடு ஏறும்போது பெரிய கியரில் மிதித்தால் 'டிக் டிக் டிக்' என்று ஒரு உலோகச் சத்தம் வருமே, அது. கொஞ்சமாக இருந்தால் சத்தத்தோடு போகும். தொடர்ந்தால் பிஸ்டன் தலை அரிக்கும், ஓட்டை விழும்.

கலவையை எவ்வளவு அழுத்தி வைக்கிறீர்களோ அவ்வளவு சக்தி எடுக்கலாம் என்பது அடிப்படை விதி. இதைத்தான் கம்ப்ரெஷன் ரேஷியோ என்கிறார்கள். பழைய அம்பாஸடரில் அது 8-க்கும் கீழே. மாருதி 800-இல் 9-க்குள். இன்றைய சாதாரண மாருதி 1.2 லிட்டர் இன்ஜினில் 12 வரை வந்துவிட்டது. அழுத்தம் கூடக் கூடக் கலவையின் பொறுமையும் கூட வேண்டும். ஆக்டேனுக்கும் சக்திக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். கூடுதல் ஆக்டேன், கூடுதலாக அழுத்தும் இன்ஜினை அனுமதிக்கிறது. அழுத்தாத இன்ஜினில் அதற்கு வேலை இல்லை. 10 டன் தாங்கும் பாலத்தில் 1 டன் வண்டி போனால், 20 டன் பாலம் கட்டித் தந்தாலும் அந்த வண்டி வேகமாகப் போகாது.

இந்த அளவுகோல் 1926-இல் வந்தது. அமெரிக்காவில் எத்தில் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இரண்டு திரவங்களை எடுத்தார். ஐசோ ஆக்டேன் பொறுமைசாலி, அதற்கு 100. நார்மல் ஹெப்டேன் முன்கோபி, அதற்கு 0. உங்கள் பெட்ரோல் எந்த விகிதக் கலவை மாதிரி நடந்துகொள்கிறதோ அதுதான் அதன் எண். 91 என்றால் 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த மாதிரி நடந்துகொள்கிறது என்று பொருள், அவ்வளவு ஐசோ ஆக்டேன் அதில் இருக்கிறது என்று இல்லை. 100-க்கு மேலும் எண் போகும் என்பது அதனால்தான்.

இதை அளக்க இன்றும் ஒரு தனி இன்ஜின் வேண்டும். ஒற்றை சிலிண்டர், ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரெஷனை மாற்றலாம். 600 ஆர்.பி.எம்.மில் ஓட்டி அளந்தால் ரிசர்ச் ஆக்டேன் எண், சுருக்கமாக ரான். 900-இல், இன்னும் சூடான கலவையோடு அளந்தால் மோட்டார் ஆக்டேன் எண், அதாவது மான். இந்தியாவில் பங்கில் சொல்வது ரான். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா பையன் "எங்க ஊர்லயே 87தான்டா போடறேன், உங்க ஊர்ல 91ஆ" என்று ஆச்சரியப்பட்டான். அவன் 87-உம் நம் 91-உம் ஏறக்குறைய ஒரே சரக்குதான். யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு எண்ணை அப்படியே இங்கே கொண்டுவருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பங்கில் நீங்கள் கேட்டு வாங்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விடச் சொல்லலாம், டென்சிட்டி பார்க்கச் சொல்லலாம், 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். எல்லாம் நுகர்வோர் உரிமை, தயங்க வேண்டாம். ஆனால் இதில் எதுவும் ஆக்டேனைக் காட்டாது. 95 என்று எழுதியிருப்பதை நாம் நம்பித்தான் வாங்குகிறோம்.

ஆக்டேனை ஏற்றுவதற்கு மனிதர்கள் செய்த வேலைகள் ஒரு தனிக் கதை. 1921 டிசம்பரில், ஓஹையோவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் நாக்கிங்கை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு லிட்டருக்குத் துளியூண்டு போதும். எத்தனாலும் அந்த வேலையைச் செய்யும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் எத்தனாலைக் கணிசமாகக் கலக்க வேண்டும், அதற்குக் காப்புரிமையும் வாங்க முடியாது. ஈயம் ஜெயித்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் உலகமே ஈயப் புகையை மூச்சில் வாங்கியது. நம் ஊரில் ஈயமில்லாத பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு வந்தது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். அதன்பின் ஒரு சுற்றுச் சுற்றி இப்போது எத்தனாலுக்கே வந்து நிற்கிறோம். அதை அப்புறம் பார்ப்போம்.

சரி, 91 போதும் என்ற காரில் 95 போட்டால் என்ன ஆகும்?

கார்புரேட்டர் காலத்தில் கேள்விக்கே இடமில்லை. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, காதால் கேட்டு, டைமிங் வைப்பார். வைத்த டைமிங் வைத்ததுதான். ரேஷன் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் போட்டால் உடனே இன்ஜின் 'டிக் டிக்' என்று புகார் சொல்லும், ஏனென்றால் மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகவும் குறைவு. ஆனால் நல்ல பெட்ரோல் போட்டதற்காக அந்த இன்ஜின் கூடுதலாக எதுவும் தராது.

இன்றைய இன்ஜினில் நாக் சென்சார் இருக்கிறது. சிலிண்டர் பிளாக்கில் திருகி வைத்த ஒரு சின்ன மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கிங்குக்கு உரிய அதிர்வு, சில கிலோஹெர்ட்ஸ் அளவில், வந்த உடனே ஈசியு ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்தும். சத்தம் நின்ற பிறகு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, பழைய இடத்துக்குக் கொண்டுவரும். நெட்வொர்க் வேலை பார்த்தவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானது. டிசிபி நெரிசலைக் கண்டால் வேகத்தைச் சட்டென்று பாதியாக்கும், அப்புறம் ஒவ்வொரு படியாக ஏற்றிப் பார்க்கும். கெட்ட செய்திக்கு வேகமாகப் பதில், நல்ல செய்திக்கு மெதுவாக நம்பிக்கை. இரண்டு துறைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்து எழுதிய மாதிரி தெரியவில்லை, ஆனால் கன்ட்ரோல் லூப் கிட்டத்தட்ட ஒன்றே.

இதில் நமக்கு முக்கியமான விஷயம், டைமிங் எதுவரை முன்னே போகலாம் என்று தொழிற்சாலையிலேயே ஒரு வரம்பு எழுதியிருப்பார்கள் என்பது. 91-க்காக எழுதிய மேப் என்றால், 91-லேயே அந்த வரம்பைத் தொட்டுவிடும். 95 போட்டாலும் அதற்கு மேல் போகாது. 95-க்காக எழுதி, 91-ஐயும் சமாளிக்கும் மேப் என்றால் கதை வேறு. சில ஐரோப்பிய டர்போ கார்களின் கையேட்டில் 95 போடுங்கள், 91 போட்டாலும் ஓடும், சக்தி சற்றுக் குறையும் என்று எழுதியிருப்பார்கள். அந்த மாதிரிக் காரில்தான் பிரீமியத்துக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. அதுவும் மே மாத மத்தியானம், ஏசி முழுசாக ஓட, நாலு பேரும் லக்கேஜுமாக ஏற்காடு கொண்டை ஊசி வளைவு ஏறும்போது. இன்ஜினுக்குள் போகும் காற்று சூடாக இருந்தால் நாக்கிங் சுலபமாக வரும் என்பதால் நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்கலாம். கம்பர் தெருவிலிருந்து கிளம்பி முடிச்சூர் ரோட்டில் இரண்டாம் கியரில் ஊரும் ஆளுக்கு அந்த நிலைமை வருவதே இல்லை.

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல், சாதா பெட்ரோல் போதும் என்ற கார்களில் பிரீமியம் போட்டுச் சோதித்தது. சக்தி, மைலேஜ், புகை எதிலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அடுத்த ஆண்டு, பிரீமியம் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிய கார்களை எடுத்துச் சோதித்தார்கள். அங்கே சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் சக்தி 1.4 சதவீதமும் கூடின. இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான்.

இப்போது நம் கணக்கு. சாதா பெட்ரோல் 101 ரூபாய், பிரீமியம் 109 என்று வைப்போம். விலைகள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. 8 ரூபாய் திரும்ப வர வேண்டுமானால் மைலேஜ் 8 சதவீதம் கூட வேண்டும். பிரீமியத்துக்காகவே டியூன் செய்த கார்களில் கிடைத்ததே சராசரி 2.7. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கொடுக்கும் கார் என்றால் 667 லிட்டர், கூடுதல் செலவு 5,300 ரூபாய்க்கு மேல்.

"எனக்கு மைலேஜ் ஏறினது சார், நானே பார்த்தேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டரும் லிட்டரும் ஒரு ஷீட்டில் எழுதி வைக்கிறவன் (வீட்டில் இதற்குக் கிடைக்கும் மரியாதை தனி). ஒரே பெட்ரோல், ஒரே கார், ஒரே ஆபீஸ். ஆனால் ஒரு டேங்குக்கும் அடுத்த டேங்குக்கும் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் வரை ஆடுகிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஏறும், மழை பெய்தால் இறங்கும். 'ஃபுல்' என்று பங்க்காரர் நிறுத்தும் இடமே அரை லிட்டர் மாறும். இந்த ஆட்டத்துக்குள் 2 சதவீத வித்தியாசம் ஒளிந்திருந்தால் ஒரு டேங்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பவர் போட்ட அன்றைக்கு நாம் காலையும் கொஞ்சம் மெதுவாகத்தான் மிதிப்போம், காசு கொடுத்திருக்கிறோமே.

முதல் கட்சிக்கு இது போதும். இனி மூன்றாவது கட்சி.

2023 பிப்ரவரியில் பெங்களூரில் இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார்கள். 20 சதவீதம் எத்தனால், 80 சதவீதம் பெட்ரோல். முதலில் 2030 என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-இல் நாடு முழுக்க அந்த அளவை எட்டினார்கள். மைலேஜ் குறைகிறது, பழைய வண்டி கெடுகிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. அதற்கு முந்தைய மாதம் பெட்ரோலிய அமைச்சகம் ஒரு நீண்ட விளக்கம் வெளியிட்டிருந்தது. அதில்தான் நம் கேள்விக்கான பதில் இருக்கிறது, யாரும் அதை அந்தக் கண்ணோடு படிக்கவில்லை.

அமைச்சகம் சொன்னது இது. எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108.5, கலக்கும் பெட்ரோலினுடையது 84.4. இந்தியாவில் முன்பு விற்ற பெட்ரோலின் ரான் 88. பிஎஸ்6-க்காக அது 91 ஆனது. 20 சதவீத எத்தனால் கலந்ததால் இப்போது 95-க்கு உயர்ந்திருக்கிறது.

நிதானமாகப் படியுங்கள். சாதா பைப்பில் வருவதே 95 என்கிறார்கள். அப்படியானால் பக்கத்துப் பைப்பில் 95 என்று பெரிதாக எழுதி 8 ரூபாய் கூடுதலாக வாங்குவது எதற்கு? ஆக்டேனுக்கு என்றால், அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஐரோப்பிய டர்போ வைத்திருப்பவருக்குக்கூட, 95 கேட்கும் காருக்குச் சாதாவே பக்கத்தில் வந்து நிற்கிறது.

எத்தனால் இல்லை என்பதற்காகவா? அதுவும் இல்லை. எக்ஸ்பி95, பவர்95 போன்ற 95 வகைகளிலும் எத்தனால் உண்டு. எத்தனால் இல்லாதது என்று சொல்லி விற்பது 100 ஆக்டேன் சரக்கு. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் மதுரா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எக்ஸ்பி100-ஐக் கொண்டுவந்தபோது டெல்லியில் விலை லிட்டருக்கு 160 ரூபாய். சென்னை இரண்டாம் கட்டப் பட்டியலில் இருந்தது. அது சூப்பர் பைக், சொகுசுக் கார் வைத்திருப்பவர்களுக்கான சரக்கு, எல்லா பங்கிலும் கிடைக்காது. எங்கள் பெரியவர் மாதாமாதம் போட்டது அது இல்லை. 95-ஐப் போட்டுக்கொண்டு எத்தனாலிலிருந்து தப்பித்துவிட்டதாக நிம்மதியாக இருந்தார்.

பெயர்களும் குழப்பம்தான். பாரத் பெட்ரோலியத்தின் 'ஸ்பீடு' பல வருஷமாக, சுத்தப்படுத்தும் சேர்மானம் கலந்த பெட்ரோலின் பெயர். ஆக்டேன் கூடியது 'ஸ்பீடு 97'. பவர், ஸ்பீடு, எக்ஸ்ட்ரா என்ற சொற்களை விட்டுவிட்டு எண் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 'பிராண்டட்' என்ற வகையில் வந்துவிட்டால் கலால் வரியும் சற்றுக் கூடுதல் என்பதால், அந்த 8 ரூபாயில் ஒரு துண்டு பெட்ரோலுக்கே போவதில்லை.

மைலேஜ் பயத்துக்கு வருவோம். அது வெறும் பயம் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் மொத்தத்தில் கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களுக்கு 6 முதல் 7 சதவீத மைலேஜ் இழப்பைத்தான் குறிப்பிட்டது. இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களுக்கு 1 முதல் 2. அமைச்சகம் 2025-இல் மற்ற வண்டிகளுக்கு 3 முதல் 6 என்றது. ஆக்டேன் அதிகம் என்பதால் இன்ஜினை இன்னும் அழுத்தி வடிவமைத்தால் இந்த இழப்பில் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்கலாம். புதிதாக வடிவமைக்கும் இன்ஜினுக்கு அது சரி. ஏற்கெனவே வார்த்து, கடைந்து, உங்கள் பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினின் கம்ப்ரெஷன் ரேஷியோவை எந்தப் பெட்ரோலும் மாற்றாது.

ஆக, எரிசக்தி குறைந்ததால் போன மைலேஜை, அதே அளவு எத்தனால் உள்ள 95-ஐ வாங்கி மீட்க முடியாது. 100-ஐ வாங்கி மீட்கலாமா? 6 சதவீதம் போனது என்றால் 101 ரூபாய்ப் பெட்ரோல் உண்மையில் 107-க்கு வாங்கிய கணக்கு. அந்த 6 ரூபாயைக் காப்பாற்ற 59 ரூபாய் கொடுக்க வேண்டும். வருஷம் முழுக்க மழைக்கு மட்டும் வெளியே எடுக்கும் விண்டேஜ் பைக் என்றால் சரி. குரோம்பேட்டை போய் வருகிற காருக்கு இல்லை.

பழைய காரின் ரப்பர் ஹோஸ், வாஷர், ஓ ரிங் பற்றிய கவலை நியாயமானது. எத்தனால் சில வகை ரப்பரை ஊதவும் இறுகவும் வைக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதற்கான பொருட்களை மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய வண்டி என்றால் செய்ய வேண்டியது ஹோஸ்களை மாற்றுவதுதான். எத்தனால் தாங்கும் ஃப்யூயல் ஹோஸ், கிளிப், கேஸ்கெட் என்று மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு தடவை மாற்றினால் முடிந்தது. அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப இத்தனை மாசம் போட்டது?" என்று கேட்டார். இன்ஜினுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை சார் என்றேன். அவர் கேட்டது இன்ஜினைப் பற்றி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது கட்சி, இன்ஜின் சுத்தம் செய்கிறவர்கள், மூவரில் ஓரளவு விஷயத்தோடு பேசுகிறார்கள். சேர்மானங்கள் நிஜம். இன்ஜெக்டரிலும் இன்டேக் வால்விலும் கரி படியாமல் பார்த்துக்கொள்ளும் டிடர்ஜென்ட்கள் அவை. ஏஏஏவே 2016-இல் நடத்திய இன்னொரு சோதனையில், டிடர்ஜென்ட் தரக் கட்டுப்பாடு உள்ள பெட்ரோலை விட மற்றவற்றில் வால்வு கரி சராசரியாக 19 மடங்கு இருந்தது. ஆனால் அது ஆக்டேனோடு சம்பந்தப்படாத விஷயம். சேர்மானத்தைச் சாதா பெட்ரோலிலும் கலக்கலாம், சில நிறுவனங்கள் கலக்கவும் செய்கின்றன. இன்னொன்று, டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் வால்வைத் தொடாமல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. எவ்வளவு டிடர்ஜென்ட் போட்டாலும் வால்வுக் கரியைக் கழுவ வழியில்லை. உங்களுடையது பழைய மாதிரி போர்ட் இன்ஜெக்ஷன் என்றால் எப்போதாவது ஒரு டேங்க் போட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்கு வர மாட்டேன்.

எந்தப் பைப் என்பதை விட எந்த பங்க், எந்த வாரம் என்பதுதான் நம் பகுதிக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2023 மிக்ஜாமிலும் பார்த்தோம். பங்கின் பெட்ரோல் இருப்பது தரைக்குக் கீழே உள்ள தொட்டியில். பழைய பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் அடியில் தனியாகத் தேங்கும், அதைக் கண்டுபிடித்து வெளியே எடுக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் ஒரு கட்டத்தில் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். அடியிலிருந்து இழுத்தால் உங்கள் டேங்குக்கு வருவது தண்ணீரும் எத்தனாலும். வண்டி நூறு மீட்டர் போய் நிற்கும். மேலே இருப்பதை இழுத்தால் வருவது எத்தனால் போன பெட்ரோல், அமைச்சகக் கணக்கில் 84-ஐ ஒட்டிய ஆக்டேன். பைப்பில் 95 என்று எழுதியிருந்தாலும் அதுதான்.

எங்கள் பிளாக்கில் ஒருவரின் ஸ்கூட்டர் போன மழையில் இப்படி நின்று, டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டி வந்தது. அவர் போட்டது பவர். பிரீமியம் தொட்டியில் விற்பனை மெதுவாக நடக்கும், ஒரு லோடு இறக்கினால் சாதாவை விட அதிக நாள் கிடக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்த வாரத்தில், தண்ணீர் நின்ற பங்கை விட்டு, பைபாஸ் ஓரம் மேட்டில் இருக்கிற, லாரியும் டாக்ஸியும் வரிசையில் நிற்கிற பங்காகப் பார்த்து நார்மல் போடுங்கள். ஃப்யூயல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை இதுவரை பார்த்ததில்லை என்றால், அங்கே வரிசையில் நிற்கும்போது இறங்கிப் பாருங்கள். எந்த எண் வேண்டும், எத்தனால் எவ்வளவு வரை தாங்கும் என்று வண்டி செய்தவர்களே பல மாடல்களில் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.